காயாத படகு

கிருபைராஜுக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் வண்ணார்பேட்டையில் அவருக்குப் பெயர் 'கப்பல் சார்'. நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் ராதாபுரம் பக்கம் ஒரு பனங்காட்டு ஊர். குடிதண்ணீருக்கே சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு அலைந்த வீட்டில் பிறந்தவர். வேலை கிடைத்துத் திருநெல்வேலிக்கு வந்த அன்று பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே கரைக்குக் கரை தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும் அவர் சீட்டைவிட்டு எழுந்து நின்றுவிட்டார். அன்றைக்குப் பிடித்த ஆசை பிறகு விடவேயில்லை. ஆனால் முழங்காலுக்கு மேல் அவர் ஆற்றில் இறங்கியதும் இல்லை. ஆசையும் பயமும் சண்டை போட்டபடியே வேலைக்காலம் முழுவதும் ஓடிப்போயிற்று.

ஓய்வு பெற்ற புதிதில்தான் அந்த வீடியோவைப் பார்த்தார். எங்கோ குளிர் நாட்டில் ஒருவர் மெல்லிய மரப்பட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தன் வீட்டிலேயே படகு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு முனையும் கூராக, ஒரு ஆள் தோளில் தூக்கிப் போகிற அளவுக்கு லேசான படகு. கிருபைராஜ் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு மொட்டை மாடியைக் கழுவிவிட்டு, தரையிலேயே சாக்கட்டியால் படகை முழு அளவில் வரைந்தார். காலமெல்லாம் அடுத்தவன் வயலுக்கும் குளத்துக்கும் கோடு போட்ட கை. வளைவு ஒன்றுகூடப் பிசகவில்லை. மனைவி எலிசபெத் துணி காயப்போட வந்தவர் அந்தக் கோட்டைத் தாண்டுவதா, சுற்றிப் போவதா என்று வாளியோடு நின்றார்.

"ஏங்க, இது எதுக்குங்க?"

"படகுக்கு."

"தண்ணில போறதுக்கா?"

"பொறவு?"

எலிசபெத் மேற்கொண்டு கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். விடை தப்பாகத்தான் வரும் என்று தெரிந்தாலும் பிள்ளையைப் போட்டு முடிக்கவிடுகிற ரகம்.

மலைவேம்பு வாங்கி, மர அறுவை மில்லில் விரல் அகலப் பட்டிகளாக அறுத்து வந்தார். பிளைவுட்டில் அச்சுகள் வெட்டி வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் பட்டிகளை வளைத்து ஒட்டினார். பசை பிடிக்கிறவரை அழுத்திக் கட்ட, சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி நாடா நாடாவாக வெட்டிக்கொண்டார். நடுவில் அழகுக்கு ஒரே ஒரு தேக்குப் பட்டி. அது முடிந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பு. தேய்த்து, தடவி, கண்ணை மூடிக்கொண்டு தடவி, மறுபடி தேய்ப்பு. வெளியே கண்ணாடி இழைத் துணி விரித்து ரெசின் பூசி, கடைசியாக வார்னிஷ் அடித்தார். வேலை முடிந்தபோது வெயில் பட்டால் படகில் எதிர்வீட்டுத் தென்னை தெரிந்தது. மகள் ஃபெபி கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது, "அப்பா என்னயக்கூட இப்பிடித் தடவிக் குடுத்ததில்ல" என்றாள். விளையாட்டாகச் சொன்னாலும் அதில் உண்மை இருந்தது.

மாடியில் படகு கட்டுகிற மனிதருக்குச் சபையார் மத்தியில் என்ன கேலிப் பெயர் கிடைத்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? பைபிளில் பிரளயத்துக்கு முன்னால் பேழை கட்டி மிருகங்களை ஏற்றியவரின் பெயர்தான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், "சார், மிருகமெல்லாம் எப்ப வரும்?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டு ஓடும். அவரும் சிரித்துக்கொள்வார். அப்போது சிரிக்க முடிந்தது.

படகு முடிந்தும் ஏன் ஆற்றுக்குப் போகவில்லை என்றால், ஐயர் இன்னும் ஜெபம் பண்ணவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். புது வீடு, புது வண்டி, தையல் மெஷின் எதுவானாலும் ஐயர் வந்து ஜெபம் பண்ணிய பிறகுதான் கை வைப்பது. எலிசபெத் வாங்கின மிக்ஸியே ஐயர் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருந்த காரணத்தால் பெட்டியைவிட்டு வெளியே வராமல் கிடந்தது, வீட்டில் அதுவரை அம்மிச் சட்டினிதான். படகுக்குப் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆற்றங்கரையில் ஜெபம் என்று பேசி வைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே மழை வந்துவிட்டது.

அந்த மார்கழி மழையைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொட்டியது, திங்கள் விடியும்போது ஆறு தெருவுக்குள் இருந்தது. கிருபைராஜின் வீடு மேட்டில். வாசல் படி நனைந்ததோடு சரி. கீழத்தெருதான் முங்கியது. மாடியில் நின்றால் அங்கே ஓட்டுக்கூரைகள் மட்டும் தெரிந்தன. முள்மரம், கேஸ் சிலிண்டர், யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ, எல்லாம் செந்தண்ணீரில் உருண்டுகொண்டு போயின.

தாஜ் முகம்மது நெஞ்சுவரை நனைந்து மாடிப்படி ஏறி வந்தார். கீழத்தெருவில் இருக்கிறவர், கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடுகிற மாஸ்டர். மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, எங்க வீட்டுல இடுப்புக்கு மேல ஏறிட்டு. உம்மா கட்டில்மேல இருக்காவ. முட்டுவலி, அவியளால நடக்க முடியாது. படக இறக்குவமா? ரெண்டு பேரு பிடிச்சா கயித்துல பைய இறக்கிரலாம். துடுப்புகூட வேண்டாம், நான் தண்ணில நின்னே இழுத்துட்டுப் போயிருவேன்."

"ஃபயர் சர்வீஸ்..."

"அவிய ஜங்ஷன் பக்கம் நிக்காவ. இங்கன வர நேரமாவும்."

கிருபைராஜ் படகைப் பார்த்தார். தார்ப்பாய்க்கு அடியில், ஒரு பொட்டு மழைகூடப் படாமல் மினுமினுவென்று இருந்தது.

"இன்னும் காயலயே, தாஜு" என்றார். "இப்பதான் பூசியிருக்கேன். உள்ள பசையும் பச்சையாத்தான் இருக்கு. தண்ணில இறக்கினா பட்டி பட்டியா விட்டுரும். ஆள ஏத்துனா ஆபத்து." தாஜ் படகுப் பக்கம் நகரவே, "ஜெபமும் இன்னும் பண்ணல" என்று சேர்த்துக்கொண்டார்.

தாஜ் தார்ப்பாயை விலக்கிப் படகின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே படியிறங்கிப் போனார். படிவாசலில் எலிசபெத் காப்பி டம்ளரோடு நின்றிருந்தார். காப்பி யாருக்கும் போய்ச் சேரவில்லை.

படகு என்றோ காய்ந்துவிட்டது. ரெசின் காய்ந்தது தீபாவளிக்கு முன்னால். வார்னிஷும் காய்ந்து கல்லாகக் கிடந்தது. கிருபைராஜ் சொன்னதில் ஜெபம் பண்ணவில்லை என்பது ஒன்றுதான் நிஜம். பயந்துபோய்ச் சொன்னார் என்றாலாவது மன்னிக்கலாம், நீச்சல் தெரியாத மனுஷன். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் மனசில் முதலில் வந்தது பயம் இல்லை. அந்த முள்மரமும் சிலிண்டரும் தன் படகில் உரசும், கீறல் விழும் என்பதுதான் முதலில் வந்தது. ஒரு மனுஷியின் உயிரையும் ஒரு கீறலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கீறலுக்காகப் பொய் சொன்னார்.

பிறகு நடந்ததையும் அந்த மாடியில் நின்றே பார்த்தார். தாஜும் ஆட்டோ ஓட்டுகிற பெருமாள்ராஜும் பெரிய பிரியாணி அண்டாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதற்குள் தாஜின் தாய் ஆபிதா பீவியை உட்காரவைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிவந்தார்கள். அந்த அம்மாள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். தெருமுனைவரை சரியாகத்தான் வந்தது. அங்கே சந்துக்குள்ளிருந்து தண்ணீர் குறுக்கே பாய்ந்தது. அண்டாவுக்கு முன்பக்கம் ஏது, பின்பக்கம் ஏது? சுற்றியது. கைப்பிடி நழுவிப் போய்க் கரண்டுக் கம்பத்தில் முட்டிக் கவிழ்ந்தது. தாஜ் முங்கித் தாயைத் தூக்கிவிட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை, இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று.

வெள்ளம் வடிந்தது. தெருவெல்லாம் சேறு, சேறு முழுக்கப் பேச்சு. தாஜைப் புகழாத ஆள் இல்லை. கிருபைராஜை யாராவது நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். ஒருத்தரும் ஏசவில்லை. பரிதாபப்பட்டார்கள்.

"பாவம் சாரு" என்று டீக்கடையில் அவர் காதுபடவே சொன்னார் பெருமாள்ராஜ். "ஒரு வாரம் முந்திப் பூசியிருந்தா அந்தம்மாவுக்கு இந்தக் கதி வந்திருக்குமா? சாருக்கு எப்பிடி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்கவே."

கிருபைராஜ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

புத்தாண்டு வந்தது. ஐயர் மறக்காமல் கேட்டார். "இன்னும் காயல ஐயரே" என்றார் இவர். வேறு என்ன சொல்ல முடியும்? அதற்குள் காய்ந்துவிட்டது என்றால் சந்தேகம் வரும் என்று ஒரு நடுக்கம். அந்தப் பொய்க்கு அன்றிலிருந்து தீனி போட வேண்டியதாயிற்று. பொங்கல் கழிந்து ஒருத்தர் கேட்டார், காயவில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கின, அப்போதும் காயவில்லை. பங்குனி வெயிலில் ரோட்டுத் தாரே உருகி ஓடுகிறது, கப்பல் சாரின் படகு மட்டும் ஈரமாகவே இருந்தது. "ரெசின்ல ஏதோ கோளாறு" என்று அவர் சொல்ல, விற்ற கடைக்காரனைப் போய்ப் பிடி பிடியென்று பிடிக்கலாமா என்று கிளம்பினார் பெருமாள்ராஜ். அவரை உட்காரவைப்பதற்குள் இவருக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

கடைசியில் கிருபைராஜ் ஒரு காரியம் செய்தார். உப்புத்தாள் வாங்கிவந்து, அக்கினி நட்சத்திர வெயிலில் மாடியில் உட்கார்ந்து, நல்ல வார்னிஷைத் தேய்த்து எடுக்க ஆரம்பித்தார். எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினால் படகு நிஜமாகவே காயாமல் இருக்குமல்லவா? பொய்யை மெய்யாக்க அவருக்குத் தோன்றிய வழி அது. ஒரு கீறலுக்குப் பயந்தவர் படகு முழுக்கத் தன் கையாலேயே கீறினார். மாவாக உதிர்ந்து மூக்கிலும் கண்ணிலும் அப்பியது. எலிசபெத் வற்றல் காயப்போட வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வார்னிஷ எவ்வளவு வேணும்னாலும் சொரண்டுங்க" என்றார். "தாஜு வந்து நின்ன எடத்த என்ன போட்டுச் சொரண்டுவிய?"

அவ்வளவுதான் சொன்னார். வற்றலை விரித்துவிட்டு இறங்கிப் போனார். அன்று கிருபைராஜ் சாப்பிட வரவில்லை, எலிசபெத்தும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமைதோறும் ஆபிதா பீவியைப் பார்க்கப் போவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்கு, பிறகு வீட்டுக்கு. சாத்துக்குடியோ மாதுளையோ வாங்கிப்போவார். போகாமல் இருந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளாது, போனால் அங்கேயும் இருப்புக் கொள்ளாது. அந்த அம்மாளுக்கோ அவர் வருவது ஒரு கொண்டாட்டம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறவருக்கு வெளிக்கதை சொல்ல ஆள் வேண்டும். நோன்பு மாதத்தில் தூக்குவாளியில் இவர் வீட்டுக்குக் கஞ்சி வந்தது. எலிசபெத் ஊற்றிக் கொடுத்தார். கிருபைராஜ் ஒரு வாயோடு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை இவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆபிதா பீவியே ஆரம்பித்தார். "நீங்க ஏன் தம்பி இன்னும் மனசுல வச்சிக்கிட்டு இருக்கிய? பசை காயலன்னா நீங்க என்ன செய்வீய? அல்லா ஒங்களுக்கு நல்ல ஆயுசக் குடுப்பான்."

கிருபைராஜ் எழுந்து வெளியே வந்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வீடுவரை நடந்தார்.

அடுத்த மழைக்காலமும் வந்து போயிற்று. ஆறு அந்த வருஷம் அடக்கமாக இருந்தது. தை மாதம் ஆபிதா பீவி ஒரு முடிவு சொன்னார். "ஒங்க ஐயரக் கூப்பிட்டு ஜெபம் பண்ணுங்க. பொறவு மொதல்ல நான்தான் ஏறுவேன். அண்டால போனவ படகுலயும் போய்ப் பாக்கணும்லா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இதற்கு என்ன சாக்குச் சொல்வது? காயவில்லை என்று இனியும் சொன்னால் நாய்கூட நம்பாது. தேதி குறித்தாயிற்று. அன்றே கிருபைராஜ் தனக்குள் ஒன்று தீர்மானித்துக்கொண்டார். படகில் அந்த அம்மாளை உட்காரவைத்து, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. காய்ந்த படகைக் காயவில்லை என்றேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று காலைத் தொடுவது. அதை நினைத்த பிறகுதான் வெகுநாளைக்கப்புறம் அவருக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

சுரண்டிய படகு மறுபடி வார்னிஷ் பூசிக்கொண்டு, பெருமாள்ராஜின் சிநேகிதருடைய லோடு ஆட்டோவில் படித்துறைக்கு வந்தது. தெருவே வந்திருந்தது. ஐயர் அங்கியோடு படியில் நின்று நல்ல நீளமாகவே ஜெபம் பண்ணினார். "ஆபத்து நாளிலே இந்தப் படகு ஆயத்தமாகாமல் போனாலும் ஆண்டவரே, உமது அடியானுடைய மனவிருப்பத்தை நீர் அறிந்திருக்கிறீர்" என்று அவர் சொன்னபோது எல்லோரும் ஆமென் என்றார்கள். கிருபைராஜின் வாய் திறக்கவில்லை. எலிசபெத் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

படகை ஆளுக்கொரு முனையாகத் தூக்கித் தண்ணீருக்கு இறங்கியவர்கள் தாஜும் கிருபைராஜும்தான். கணுக்கால் தண்ணீரில் படகை வைத்ததும் கிருபைராஜ் மெதுவாகச் சொன்னார்.

"தாஜு, ஒங்க உம்மாட்ட இன்னைக்கு ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு வெள்ளத்தப்ப..."

"தெரியும் அண்ணாச்சி." தாஜ் குனிந்து கயிற்றைக் கட்டிக்கொண்டே பேசினார். "அன்னைக்கே தொட்டுப் பாத்தேன். கையில ஒட்டல."

கிருபைராஜ் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பொறவு ஏன் ஒரு வார்த்த கேக்கல? தெருவுல ஒருத்தர்ட்டயும் சொல்லலயே?"

"சொல்லி? உம்மாவுக்கு எலும்பு கூடிருமா?" முடிச்சை இழுத்து இறுக்கினார். "எனக்கு ஒங்க மேல கோவம் இல்லன்னு நெனைக்காதீய. இருக்கு. ஆனா நீங்க அவியள்ட்ட சொல்லக் கூடாது. சொன்னா ஒங்களுக்கு லேசாப் போயிரும். அவியளுக்கு? சனிக்கிழம ஆச்சுன்னா நீங்க வருவியன்னு தலையச் சீவிக்கிட்டு உக்காந்திருக்காவ. அவியளுக்கு மிச்சம் இருக்கது அந்த ஒரு நல்ல நெனப்பு. அதையும் எடுத்துராதீய."

மேலே படியில் ஆபிதா பீவி, "என்னலே ரெண்டு பேரும் ரகசியம், ஓட்டையா இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தாஜும் சிரித்துக்கொண்டே போய்த் தாயைத் தூக்கிவந்து படகின் நடுவில் உட்காரவைத்தார். எதிரே கிருபைராஜ் ஏறிக்கொண்டார். முழங்காலுக்கு மேல் ஆற்றில் இறங்காத மனிதர் நடுங்கியதை எல்லோரும் தண்ணீர்ப் பயம் என்றே நினைத்தார்கள்.

தாஜ் இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். படகு ஒரு பக்கம் சாயவில்லை, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆபிதா பீவி விளிம்புக்கு வெளியே கையை நீட்டித் தண்ணீரை அளைந்தார்.

"எவ்வளவு நல்லாப் போவுது. அந்த வெள்ளத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் முந்திக் காஞ்சிருந்தா என்ன தம்பி?"

கிருபைராஜ் தாஜின் முதுகைப் பார்த்தார். அது திரும்பவில்லை.

"ஆமாம்மா" என்றார். "காயல."

கரையேறியதும் படகை லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். "மாடிக்குத்தான சார்?" என்று பெருமாள்ராஜ் கேட்டார்.

"இல்ல வே. கீழத்தெருவுக்கு விடச் சொல்லும். தாஜு வீட்டுச் சமையல் கொட்டகையில கெடக்கட்டும்."

தாஜ் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொட்டகையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

இப்போது படகு அங்கேதான் அண்டாக்களுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. வெளியே இழுக்கக் கயிறும் கட்டியே இருக்கிறது. புகை படிந்துவிட்டது. அண்டா உரசி, கரண்டி உரசி, தேக்குப் பட்டியின் குறுக்கே நீளமாக ஒரு கீறல். கிருபைராஜ் அதற்கு உப்புத்தாள் எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் அவர் பழத்தோடு உள்ளே நுழைந்ததும் ஆபிதா பீவி வாக்கரை நகர்த்தி வந்து படகை விரலால் தட்டிப் பார்ப்பார். அவருக்கு அது ஒரு விளையாட்டு.

"இப்ப நல்லாக் காஞ்சிட்டு, தம்பி" என்பார்.

"ஆமாம்மா" என்பார் இவர். "இப்பத்தான் காஞ்சிருக்கு."